இங்கிலீஷ் படிச்சுப் பழக பேப்பரா, கதை புக்கா?

பத்தாவது படிக்கற பசங்களுக்கு எங்க கோபி பக்கம் எல்லாரும் சொல்றது ஹிந்து பேப்பர் படி கண்ணுன்னுதானுங்க. 1878ல ஆரம்பிச்சது, இங்கிலீஷ் சுத்தமா இருக்கும், இல்லைங்கல. ஆனா எந்த பேப்பரா இருந்தாலும் தலையங்கத்துல கைய வெச்சா வரிக்கு மூணு வார்த்தை தெரியாது, டிக்‌ஷனரி பொரட்டியே ஒரு மணி நேரம் ஓடிரும், நானும் ஒரே வாரத்துல வடை மடிக்கக் குடுத்தவன்தான்.

லெவல் போட்ட கதை புக்கு அப்படியில்லீங்க, அந்தந்த லெவல் வார்த்தைய வெச்சே எழுதறாங்க. யார் துணையுமில்லாம புரியோணும்னா நூத்துக்கு 98 வார்த்தையாச்சும் தெரிஞ்சிருக்கோணும்னு பால் நேஷன்ங்கற மொழி ஆராய்ச்சியாளரோட ஆராய்ச்சியில வருது, அதனால என் ஓட்டு மொதல்ல கதைக்குத்தான், பக்கம் விறுவிறுன்னு ஓடோணும்ல.

பேப்பர்தான் வேணும்னா கிரிக்கெட் பக்கத்துல ஆரம்பிங்க, மேட்ச நேத்தே பாத்திருப்பீங்க, பாதி தானா புரிஞ்சிரும். லைப்ரரில ஓசிதானுங்க.