ஆம்பூர் பிரியாணிக்கு எந்த ஒயின்: காமேயா, பினோ நுவாரா?

இரண்டுமே இலேசான சிவப்பு ஒயின்கள். குவளையைச் சாய்த்துப் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் தெரியும். பிரான்சின் போஜோலே வட்டாரத்துக் காமேயில் செர்ரி, ராஸ்பெரி வாசனை முந்திக்கொண்டு வரும். சில பாட்டில்களில் வாழைப்பழ மணம்கூட உண்டு; திராட்சையை நசுக்காமல் முழுக் குலையாகக் கரியமில வாயுவில் நொதிக்க விடுவதால் வருவது அது. துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல்.

பினோ நுவாரின் அழகு பழத்தோடு சேர்ந்த ஈரமண், காளான் வாசனையில். மலிவான பாட்டிலில் அது அரிது. காளான் வறுவலுக்குப் பொருந்தும்.

பிரியாணிக்குக் காமேதான். காய்ந்த மிளகாய் விழுதின் காரத்தைத் துவர்ப்பும் ஆல்கஹாலும் ஏற்றிவிடும். கூடவே வரும் எண்ணெய்க் கத்தரிக்காயின் புளியோ, புளிப்பு குறைந்த ஒயினைச் சப்பென்று ஆக்கிவிடும்.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலை’யில் பரிமாற வேண்டும் என்ற பேச்சே வேலூர் வெயிலில் கூடாது. 30 டிகிரியில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில், கழுத்துவரை முங்க, சுமார் 20 நிமிடம். வெறும் ஐஸ் போதாது. பாட்டிலை முழுதாகத் தொடாது. காமேக்கு 12–14 டிகிரி, பினோவுக்கு 14–16. அதற்கும் கீழே போனால் வாசனை அடங்கி, துவர்ப்பு துருத்தும்.