ஆர்-ல ஆக்சிஸ் நம்பரை லட்சம் கோடியா காட்டணுமா? ஸ்கேல்ஸ் பேக்கேஜ், என் அனுபவம்

ஆர்ங்கற புரோகிராமிங் மொழியில, படம் வரையற ஜிஜிபிளாட்2 பேக்கேஜ் யூஸ் பண்றவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இந்த இடத்துல முழிச்சிருப்பீங்க. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல அப்போ இருந்த 32 மாவட்ட மக்கள்தொகையை எடுத்து பார் சார்ட் போட்டேன், ஒய் ஆக்சிஸ்ல 0இ+00, 1இ+06 (அதாவது 10 லட்சம்), 2இ+06னு வந்து நிக்குது. அப்பா ரிட்டயர்ட் ஹெச்எம், பக்கத்துல வந்து பார்த்துட்டு "ஏம்மா, சென்னையில 46 லட்சம் பேர்னு சொன்னியே, இதுல அது எங்க இருக்கு?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி.

நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா டேட்டாவையே லட்சத்தால வகுத்துடறாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அதே நெடுவரிசையை வச்சு அப்புறம் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர்னு கணக்கு போடுவீங்க, வகுத்தது மறந்து போயிருக்கும், விடை மொத்தமா தப்பா வரும். டேட்டா அப்படியே இருக்கட்டும், ஆக்சிஸ்ல தெரியற எழுத்தை மட்டும் மாத்தினா போதும், அந்த வேலைக்குத்தான் இந்த ஸ்கேல்ஸ். ஜிஜிபிளாட்2 இன்ஸ்டால் பண்ணும்போதே கூட வந்துடும், காசும் கிடையாது.

இதுல லேபிள் நம்பர்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதுல ஸ்கேல் கட் அப்படிங்கற இடத்துல ரெடிமேடா கே, எம், பி (ஆயிரம், மில்லியன், பில்லியன்) போட வழி இருக்கு, ஆனா எனக்கு பிடிச்சது அது இல்ல, நம்மளே வெட்டுற இடத்தை சொல்லலாம். 1,00,000ல " லட்சம்", 1,00,00,000ல " கோடி"ன்னு பேர் வச்சு கொடுத்தேன், முன்னாடி ஒரு ஸ்பேஸ் விடுங்க இல்லன்னா நம்பரோட ஒட்டிக்கும். எல்லா மாநிலத்தையும் புள்ளி புள்ளியா லாக் ஆக்சிஸ்ல (ஒவ்வொரு படிக்கும் 10 மடங்கு ஏறும்) போட்டப்போ, சிக்கிம் 6 லட்சம், உத்தரப் பிரதேசம் கிட்டத்தட்ட 20 கோடி, ரெண்டும் ஒரே படத்துல, ஆக்சிஸ்ல 10 லட்சம், 1 கோடி, 10 கோடின்னு வரிசையா வந்து நின்னுது பாருங்க, அவ்ளோ சந்தோஷம் எனக்கு!

குறைன்னா கமா. லேபிள் கமாங்கற ஃபங்ஷன் போட்டா மூணு மூணு இலக்கமா 1,000,000ன்னுதான் பிரிக்கும், நம்ம 10,00,000 வராது, குறியை மாத்தலாமே தவிர நம்ம மாதிரி முதல்ல மூணு, அப்புறம் ரெண்டு ரெண்டுன்னு பிரிக்க வைக்க முடியாது. அப்படித்தான் வேணும்னா சொந்தமா ஒரு ஃபங்ஷன் எழுதி லேபிள்ஸ்ல கொடுங்க, எடுத்துக்கும்.

இப்போ முக்கியமான விஷயம், இது தெரியாம நான் ஒரு ரிப்போர்ட்டையே திரும்ப எழுதினேன். மத்த மாவட்டங்களுக்குள்ள வித்தியாசம் நல்லா தெரியணும்னு ஒய் ஆக்சிஸை அமைக்கற ஸ்கேல் ஒய் கன்டினியுயஸ் ஃபங்ஷன்ல லிமிட்ஸ் (எல்லை) 0 முதல் 40 லட்சம்னு வச்சேன். காஞ்சிபுரம் 39,98,252, மயிரிழைல தப்பிச்சு நிக்குது. சென்னை 46,46,732, பாரையே காணோம்! பார் உயரத்தை குறைச்சு காட்டல, ஒரு வரியை நீக்கிட்டேன்னு கன்சோல்ல ஒரு வார்னிங் போட்டுட்டு அந்த மாவட்டத்தையே தூக்கிடுச்சு. அதே லிமிட்ஸோட பாக்ஸ்பிளாட் (மதிப்புகள் எப்படி பரவியிருக்குன்னு பெட்டியா காட்டற படம்) போட்டா இன்னும் மோசம், சென்னையை விட்டுட்டு 31 மாவட்டத்துக்குத்தான் மீடியன் (நடு மதிப்பு) வரும், படத்தை பார்க்கறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. பார் சார்ட்ல லிமிட்ஸை 0க்கு பதிலா 5 லட்சத்துல ஆரம்பிச்சீங்கன்னா ஒரு பார் கூட மிஞ்சாது, ஏன்னா ஒவ்வொரு பாரோட அடியும் 0ல இருக்கு, அது லிமிட்டுக்கு வெளிய போயிடுது.

நீங்க நினைக்கற ஜூம் வேணும்னா கோஆர்ட் கார்டீசியன்ங்கற ஃபங்ஷன்ல ஒய்லிம்னு எல்லையை கொடுங்க. கணக்கெல்லாம் முழு டேட்டாவை வச்சு முடிஞ்சப்புறம்தான் அது படத்தை வெட்டும், சென்னை பார் மேல இடிச்சுட்டு நிக்கும் ஆனா இருக்கும், மீடியனும் மாறாது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த கிளாஸ்லயும் முதல் நாளே சொல்லிடணும்னு நான் நினைக்கறேன்.

மத்தபடி பேர்கள்தான் கொஞ்சம் குழப்பும், பழைய புரோகிராம்ல ஃபங்ஷன் பேர் கமா, பர்சென்ட்னு இருக்கும், புதுசுல எல்லாம் லேபிள்னு ஆரம்பிக்கும். நான் 5க்கு நாலரை கொடுப்பேன், அரை குறைச்சது நம்ம கமாவுக்காக.

ஆங், லட்சம் கோடின்னு தமிழ்லயே போட்டு பிடிஎஃப்ல சேவ் பண்றவங்க வழக்கமான பிடிஎஃப் டிவைஸ்ல பண்ணாதீங்க, எழுத்து இருக்கற இடத்துல புள்ளி புள்ளியா வரும். கெய்ரோ பிடிஎஃப் டிவைஸ் கொடுங்க, "கோ"வோட கொம்பு கூட எனக்கு சரியான இடத்துல வந்து உக்காந்துது.