கீச்சு செய்ய மண்டபம் மில் மாவு

குஜராத்திகளின் கீச்சு (அரிசி மாவைக் கொதிநீரில் கிளறி ஆவியில் வேகவைக்கும் பலகாரம்) வீட்டில் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் நான் வழக்கமாகப் போகும் மாவு மில்லில் பச்சரிசியை வறுக்காமல் நைசாக அரைத்துச் சலித்துத் தருகிறார்கள், கீச்சுக்கு இதைவிட நல்ல மாவு இந்தப் பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கடையில் விற்கும் இடியாப்ப மாவு வேண்டாம், அது பெரும்பாலும் வறுத்தது, கீச்சுக்கு வேண்டிய அந்த வழவழப்பு வராது.

ஒரு கப் மாவுக்கு இரண்டரை கப் தண்ணீர். அதில் சீரகம், ஓமம், இடித்த பச்சை மிளகாய், உப்பு, ஒரு சிட்டிகை அப்பளக்காரம் போட்டு நன்றாகக் கொதித்ததும் தீயைக் குறைத்து, மாவைக் கொட்டிக்கொண்டே பூரிக்கட்டையால் விடாமல் கிளற வேண்டும், இங்கேதான் மாவின் தரம் தெரியும், இந்த மில் மாவு கட்டி தட்டாமல் சட்டெனச் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் பத்து நிமிடம் ஆவியில் வேகவிட்டால் பளபளவென்று வரும்.

சூடாக இருக்கும்போதே கடலை எண்ணெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும். குஜராத்தில் மேலே வெந்தய ஊறுகாய் மசாலா தூவுவார்கள், நான் நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்த் தூளைத் தூவுகிறேன் (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய்), அந்தக் காரம் அவ்வளவு பொருத்தம்! மீந்த வெந்த மாவை மெல்லிசாகத் தட்டிக் காயவைத்தால் அப்பளமாகப் பொரிக்கலாம், நம் கடற்கரை வெயிலுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும்.

அந்த மில்லில் ஒரே குறை, மிளகாய் அரைத்த கையோடு நம் அரிசியைப் போட்டுவிடுகிறார்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள்.