தந்தி செய்யும் இரண்டு குடும்பங்கள்
குடும்பமாக கிட்டார் தந்தி செய்யும் தொழிற்சாலைகளில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் எதற்குப் போவது?

நியூயார்க் மாநிலத்தின் ஃபார்மிங்டேலில் இருக்கும் டி'அடாரியோவுக்குப் பூர்வீகம் இத்தாலியின் சாலே கிராமம். 17ஆம் நூற்றாண்டிலேயே விலங்குக் குடலை முறுக்கித் தந்தி செய்த குடும்பம், இன்று எஃகு. தந்தி முனையில் இருக்கும் குட்டி உலோக உருண்டைகளுக்குத் தனித்தனி நிறம், எது எந்தத் தந்தி என்று அதுவே சொல்லிவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் காகித உறை தேவையில்லை. நல்ல யோசனை.

இங்கிலாந்தின் கென்ட்டில் ரோட்டோசவுண்ட். ஜேம்ஸ் ஹௌ தொடங்கியது. வயது குறைவுதான். ஆனால் 1966இல் தி ஹூ ராக் இசைக்குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து உருவாக்கிய தந்தி, அடியில் முனகிக்கொண்டிருந்த பேஸ் கிட்டாரைக் கணீரென்று பேசவைத்தது. சூட்சுமம் தந்தியின் நடுக்கம்பி மேல் சுற்றும் கம்பியில்: தட்டைக் கம்பி சுற்றினால் விரலுக்கு வழுவழுப்பு, ஓசை மந்தம், உருண்டைக் கம்பி சுற்றினால் சொரசொரப்பு, ஓசையில் மினுக்கு. விரல் கொஞ்சம் தேயும், பரவாயில்லை.

பேஸ் வாசிக்கிறவன் நான். கென்ட்டுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன்.