ஒரே வரைபடம், இரண்டு மதிப்பெண்கள்: ஒரு மாதிரி நேர்காணல் சேவை

ஒரு மென்பொருள் அமைப்பை எப்படிக் கட்டுவது என்று வரைந்து விளக்கச் சொல்லும் சிஸ்டம் டிசைன் நேர்காணலுக்குத் தயாராவதற்காக, கட்டணம் பெற்று மாதிரி நேர்காணல் நடத்தும் ஓர் இணையச் சேவையில் மூன்று அமர்வுகளுக்குப் பணம் கட்டினேன். நேரம் தவறாமையிலும் ஒலிப்பதிவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை முழுவதும் மதிப்பீட்டில்தான்.

முதல் கேள்வி, பலருக்கும் பழகிப்போன யுஆர்எல் சுருக்கி, அதாவது நீளமான இணைய முகவரிக்குக் குட்டி இணைப்பு தரும் சேவை. நாளொன்றுக்குப் பத்து லட்சம் புதிய இணைப்புகள் என்றார்கள். வரும் கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்க ஒரு லோட் பேலன்சர், இரண்டு அப்ளிகேஷன் சர்வர்கள், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதற்கு ஒரு ரெப்ளிகா (நகல்) என்று வரைந்து நிறுத்திக்கொண்டேன். மதிப்பீட்டுத் தாளில் ‘ஆழம் போதாது’ என்று வந்தது. காஃப்கா (செய்திகளை வரிசையில் வைத்துக் கடத்தும் மென்பொருள்) எங்கே, ஷார்டிங் (தரவைப் பல டேட்டாபேஸ்களுக்குப் பிரித்து வைப்பது) எங்கே என்று இரண்டு கேள்விக்குறிகள் வேறு.

இந்த அளவுக்கு அவை தேவையில்லை. ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால், பத்து லட்சம் என்பது சராசரியாக நொடிக்குப் பன்னிரண்டு பதிவுகள்தான். ஒரு பதிவுக்கு 500 பைட் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 180 ஜிபி அளவில் அடங்கிவிடும். ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளும் இலக்கங்களுமாக 62 குறிகளைக் கொண்டு ஏழு இடங்களில் அமைக்கும் குறியீடு மூன்றரை லட்சம் கோடி இணைப்புகளுக்குப் போதும். ஆனால் இந்தக் கணக்கை நான் மனத்துக்குள் போட்டேனே தவிர வாய்விட்டுச் சொல்லவில்லை, அந்த அளவுக்குத் தவறு என்னுடையது.

இரண்டாம் அமர்வில் வேறொருவரிடம் அதே கேள்வியைக் கேட்டு வாங்கி, அதே படத்தைக் கணக்கோடு வரைந்தேன். அவர் எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. “பிரைமரி (முதன்மை டேட்டாபேஸ்) இப்போது விழுந்தால் என்ன இழப்போம்?” என்று மட்டும் கேட்டார். ரெப்ளிகா சில நொடிகள் பின்தங்கியிருந்தால் அந்த நொடிகளில் உருவான இணைப்புகள் போய்விடும் என்று ஒப்புக்கொண்டு, அதைத் தவிர்க்க நகலிலும் எழுதி முடியும்வரை காத்திருக்கும் சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனுக்கு மாறினால் ஒவ்வொரு பதிவும் தாமதமாகும் என்பதையும் சொன்னேன். மதிப்பெண் பத்துக்கு எட்டு.

மூன்றாமவர் மறுபடியும் காஃப்காவுக்கே திரும்பினார். காரணம் அவர் அல்ல, தாள். கேஷ் (அடிக்கடி கேட்கப்படும் தரவைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது), கியூ (காஃப்கா போன்ற செய்தி வரிசை), ஷார்டிங் மூன்றுக்கும் அதில் கட்டங்கள் உண்டு. கணக்குக்கும், எந்த இடத்தில் முதலில் உடையும் என்று சொல்வதற்கும் கட்டமே இல்லை.

நேர்காணல் செய்பவரை நாமே தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இரண்டாம் அமர்வை நடத்தியவர் கிடைப்பாரானால் அதையும் கட்டுவேன். இல்லையெனில் நான்காவது அமர்வு வேண்டியதில்லை.