"மெரினோ" என்று விற்கிறார்கள், வருவது செயற்கை இழையான அக்ரிலிக்: கம்பளி நூல் வாங்குபவர்களுக்கு

குளிருக்கு முன்னால் ஸ்வெட்டர் பின்னத் திட்டம் போடுபவர்களும், தக்ளியில் (கையால் சுழற்றும் சிறு கதிரில்) கம்பளி நூற்பவர்களும் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஊட்டியில் இருக்கும் என் மாமனாருக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்ன, நடுத்தரத் தடிமனில் ஆறு சிட்டம் (நூல் கட்டு) கேட்டிருந்தேன். நானே நூற்று மஃப்ளர் பின்ன, சீவிய கம்பளி கால் கிலோவும் சேர்த்துக்கொண்டேன். விற்றவர்கள் சமூக வலைதளத்தில் பக்கம் நடத்துபவர்கள். "மன்னவனூர் ஆட்டுக் கம்பளி, 100% மெரினோ" என்றார்கள். மெரினோ என்பது மென்மையான கம்பளி தரும் செம்மறி இனம். கொடைக்கானல் பக்கத்தில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருப்பதும், அங்கே பாரத் மெரினோ ஆடுகள் வளர்வதும் உண்மை. அந்த ஊர்ப் பெயரைத்தான் இவர்கள் பயன்படுத்துகிறார்கள். அங்கே வாங்கியதற்கு ரசீது கேட்டேன், காட்டவே இல்லை.

100 கிராம் என்று எழுதிய சிட்டங்களில் ஒன்றுகூட 88 கிராமைத் தாண்டவில்லை. அதில் இரண்டு, பகல் வெளிச்சத்தில் வேறு நீலம். லேபிளில் சாயத் தொகுதி எண்ணும் (ஒரே தடவையில் சாயமிட்ட நூல்களுக்கான பொது எண்) இல்லை, தயாரிப்பாளர் பெயரும் இல்லை.

சந்தேகம் வந்து நூல் நுனியைக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளியாக இருந்தால் முடி கருகும் வாடை அடிக்கும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி, கறுப்பு மணியாக இறுகியது. சரி, கலப்பு நூலாகவாவது இருக்குமோ என்று ஒரு துண்டைத் துணிக்குப் போடும் குளோரின் ப்ளீச்சில் இரவு முழுக்க ஊறவைத்தேன். கம்பளி அதில் கரைந்துவிடும். காலையில் நூல் ஏறக்குறைய முழுசாகவே கிடந்தது. (கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.)

சீவிய கம்பளியின் கதையும் அதுதான். மெரினோ இழையில் இயல்பாகவே நெளிவு உண்டு. மேலே நுண்ணிய செதில்கள் இருப்பதால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இது நெளிவே இல்லாமல் பளபளவென்று வழுக்கியது, தக்ளியின் கனத்துக்கே பிரிந்து விழுந்தது.

எனக்குப் பணம் போனதைவிட வேறொன்றில்தான் கோபம். மாமனார் மாலையானால் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்காருபவர். கம்பளி எளிதில் தீப்பற்றாது. அக்ரிலிக் பற்றி எரியும், உருகித் தோலில் ஒட்டும். வயதானவருக்கும் குழந்தைக்கும் போடுகிற துணியில் இப்படிப் பொய் சொல்வது பெரிய அநியாயம்.

கேட்டதற்கு, "சிட்டத்தைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

அதே படங்களோடு அந்தப் பக்கம் இப்போதும் ஓடுகிறது, குளிர்காலத் தள்ளுபடி என்று. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பார்சலைத் திறப்பதை வீடியோ எடுங்கள், எடையும் லேபிளும் அதில் தெரியட்டும். சிட்டத்தைப் பிரிக்காமல் நுனியில் ஓர் அங்குலம் மட்டும் வெட்டிக் கொளுத்திப் பாருங்கள்.