கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு எந்த பைபிள்?

கிறிஸ்தவப் புத்தகக் கடையில் பைபிள் கேட்டால், "ஜிப் வெச்சதா, வெக்காததா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு வாங்குகிறீர்கள் என்றால் ஜிப் வேண்டாம். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு மூன்று பக்கமும் ஜிப்பை இழுக்க ஒரு கை போதாது. அவசரத்தில் மூடினால் ஜிப்பின் பல் முதலில் கடிப்பது முதல் புத்தகமான ஆதியாகமத்தையும் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தையும்தான். மழைக்காலத்தில் சபைக்குக் கொண்டுபோக ஜிப் நல்லது, அதோடு சரி.

அம்மாக்களின் வேத வாசிப்பு பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நடப்பதில்லை. மூன்றாம் வசனத்தில் பிள்ளை எழுந்துவிடும், ஆறாம் வசனத்தில் குக்கர் விசில் அடிக்கும். ஆகவே விட்ட இடத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடிகிறது என்பதை வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

அந்த வகையில் ஓ.வி. (ஓல்ட் வெர்ஷன்) என்கிற பழைய மொழிபெயர்ப்புதான் முந்துகிறது. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் முடித்த மொழிபெயர்ப்பு அது. இந்திய வேதாகமச் சங்கத்தின் வழக்கமான அச்சில் ஒவ்வொரு வசனமும் புது வரியில் தொடங்கும். அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் எண்ணைப் பார்த்ததும் கண் அங்கே போய் நிற்கும். கத்தோலிக்கருக்கும் பிற சபையாருக்கும் பொதுவான மொழிபெயர்ப்பாக 1995-இல் வந்த திருவிவிலியத்தின் உரைநடைப் பகுதிகள் பத்தி பத்தியாக ஓடுவதால் வரி தவறிப்போகும். ஆனால் அதில் சிறு தலைப்புகள் உண்டு. ஒரு தலைப்போடு நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் அந்தக் குறை பாதி தீர்ந்துவிடும்.

நடையில் கதை தலைகீழ். பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட, ஓ.வி.யின் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதைவிட திருவிவிலியத்தின் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" நாக்குக்கு எளிது. ஆனாலும் உங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஓ.வி.யில் சொல்லிக்கொடுத்தால் வீட்டிலும் அதையே வையுங்கள். நான்கு வயதுப் பிள்ளை ஒரே வசனத்தை இரண்டு விதமாகக் கேட்டால் இரண்டையும் கலந்து சொல்லும். கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பிள்ளை என்றால் திருவிவிலியம்தான். அதிலும் கத்தோலிக்கப் பதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் 73 நூல்கள், ஓ.வி.யில் 66.

எழுத்தின் அளவைக் கடையின் டியூப்லைட்டில் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டில் படிக்கப்போவது இரவு விளக்கு வெளிச்சத்தில். கையால் நிழல் விழ மறைத்துக்கொண்டு ஒரு பத்தியை வாசித்துப் பாருங்கள். பெரிய எழுத்துப் பதிப்பு கண்ணுக்குச் சுகம், ஆனால் கனம் அதிகம். தலையணைமேல்தான் வைக்க முடியும். அடுப்படிக்குப் புதிய ஏற்பாடு, சங்கீதம், நீதிமொழிகள் மட்டும் சேர்ந்த சின்னப் பதிப்பு போதும். மஞ்சள் கறை பட்டாலும் மனசு பதறாது.

பைண்டிங்கை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறு சிறு கட்டாக மடிந்து, நடுவில் நூல் தெரிந்தால் தைத்தது. ஒரே தட்டையாக இருந்தால் வெறும் பசை; பிள்ளை இரண்டு முறை இழுத்தால் தாள் தாளாக வந்துவிடும். தைத்த பைபிளையும் வாங்கிய அன்றே நடுவில் பிளக்கக் கூடாது. முதுகை மேசையில் ஊன்றி இரண்டு அட்டைகளையும் கீழே சாயுங்கள். பிறகு முன்னால் இருபது தாள், பின்னால் இருபது தாள் என்று மாற்றி மாற்றிச் சாய்த்து, மெதுவாக நீவிக்கொண்டே நடுவுக்கு, சங்கீதத்துக்கு, வாருங்கள். இதைச் செய்த பைபிள்தான் மேசையில் தானாகத் திறந்து கிடக்கும். கைக்குழந்தைக்காரிக்கு அதுதானே வேண்டும். அடிக்கோடு போட கலர் பென்சில் மட்டும். ஈர ஹைலைட்டரும் ஜெல் பேனாவும் மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறிவிடும்.

செயலி என்றால் யூவெர்ஷன். 2008-இல் அமெரிக்காவின் லைஃப்.சர்ச் சபை வெளியிட்டது. இலவசம், விளம்பரமும் கிடையாது. இருட்டில் வாசிக்கத் திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளை முகத்தில் வெளிச்சம் அடிக்காது. பதிப்புப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் படம் இருந்தால் காதால் கேட்கலாம். துணி மடிக்கும்போது கேட்க நன்றாக இருக்கும். மிக்ஸி ஓடினால் ஒன்றும் விளங்காது. வாட்ஸ்அப் வந்து குறுக்கிடும் என்பதால் அறிவிப்புகளை முதலில் நிறுத்துங்கள். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று காட்டும் எண்ணிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் அது வீண் குற்ற உணர்ச்சியைத்தான் தரும். வாசிப்புத் திட்டத்தில் நாட்கள் விடுபட்டால் தேதிகளை இன்றிலிருந்து தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வருஷத்தில் முழு வேதாகமம் என்பது 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கு மேல். மூன்றாம் புத்தகமான லேவியராகமத்திலேயே நின்றுபோகிறவர்கள்தான் அதிகம். புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து என்றால் சரியாக 52 வாரம், நாளுக்கு ஒன்றாக வாசித்தால் வாரந்தோறும் இரண்டு நாள் மிச்சம். தேதிக்கு ஒரு நீதிமொழி அதிகாரம் என்று வைப்பவர்களுக்கு வருஷத்தில் ஐந்து மாதம் 31-ஆம் அதிகாரம் கிடைக்காது. அந்த அதிகாரத்தில் வரும் குணசாலியான ஸ்திரீக்கும் ஓய்வு வேண்டும்தான்! சங்கீதம் 119-இன் 176 வசனங்களை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். அது எட்டெட்டு வசனமாக 22 பாகம். இரவுக்கு ஒன்று போதும்.

பக்க அடையாளத்துக்கு பைபிளோடு வரும் நாடாவை நம்பாதீர்கள், பிள்ளை வாயில் வைத்து இழுத்தால் முதுகுப் பசையோடு பெயர்ந்து வரும். கல்யாணப் பத்திரிகை அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி, விட்ட வசனத்துக்குக் கீழே படுக்கையாக வையுங்கள். பேப்பர் கிளிப் மட்டும் வேண்டாம், துருப்பிடித்து நான்கு தாளுக்குக் கறை இறங்கும்.